கிடாவுக்குக் கூச்சம் எங்கே இருக்கும்

நான் யாரென்று தெரியாதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பின்னால் எவனும் தெரியாது என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். திருச்செங்கோட்டில், ஆழ்குழாய்க் கிணறு போடும் போர்வண்டியில் பைப் தூக்கும் ஆளாக ஏறினேன், முதலாளியாக இறங்கினேன். பாஷை தெரியாத ராஜஸ்தானத்தில், ஒட்டகமே தண்ணீரை மறந்துபோன இடத்தில், குழி போட்டுத் தண்ணீர் காட்டினேன். கொழுக்கட்டைப் புல்லைத் தவிர ஒன்றும் முளைக்காது என்று பங்காளிகள் என் தலையில் கட்டிய கரட்டுக் காட்டில் கோழிப்பண்ணை போட்டேன். இன்றைக்கு அங்கேயிருந்து முட்டை வண்டி கேரளத்துக்குப் போகிறது. ஒரு கோடையில் சீக்கு வந்து கோழி மொத்தமும் போயிற்று. 'இத்தோட இவன் முடிஞ்சான்' என்றார்கள். முடியவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்தேன். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நிற்கிறதே மண்டபம், அதில் பாதி என்னுடையது. மீதிப் பாதியைக் கொடுத்தவர்கள் பெரிய எழுத்தில் பெயர் போட்டுக்கொண்டார்கள். அது வேறு கதை.

கோயில் விழா மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச்சொல்லிக் கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். மேலே சொன்னதையெல்லாம் எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அது ஊருக்கே தெரிந்த சங்கதி. தெரியாத ஒன்று இருக்கிறது. வண்டிக்கும் பண்ணைக்கும் முந்தியது. அதை நினைத்துக் கொஞ்ச நாளாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பண்ணையைச் சுற்றுகிறேன். வேலைக்காரர்கள் 'மொதலாளிக்கு என்னமோ கணக்கு ஒதைக்குது' என்று பேசிக்கொள்கிறார்கள். கணக்கு இல்லை. எலி.

என் பேத்தி கால்நடை மருத்துவம் படிக்கிறாள். போன தடவை வந்தபோது போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெள்ளை எலி ஒன்று. ஒரு கை அதைப் புரட்டிப் போட்டு வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது. கை விலகினால் எலி கைக்குப் பின்னாலேயே ஓடுகிறது.

"தாத்தா, எலி சிரிக்குதுங்க பாருங்க."

"சத்தத்தையே காணம்?"

"நம்ம காதுக்குக் கேக்காதுங்க. அதுக்குன்னு மிசினு வச்சுப் புடிச்சிருக்காங்க. நாய், கொரங்குக்கெல்லாம் கூட விளையாட்டுச் சத்தம் தனியா இருக்குதுங்க."

"யாரு கண்டுபுடிச்சது?"

"வெளிநாட்டுல விஞ்ஞானிங்க. கூச்சமே ரெண்டு வகையாமுங்க தாத்தா. ஈ ஊர்ற மாதிரி லேசாத் தொட்டா மாட்டுக்குத் தோலு சிலுக்குன்னு ஆடுதுல்லீங்க, அது ஒண்ணு. அழுத்தி மூட்டுனா சிரிப்பு வருதே, அது வேற."

"இத நான் எட்டு வயசுலயே கண்டுபுடிச்சுட்டேன்."

"ஆமாங்க. எல்லாத்தையும் நீங்கதான் கண்டுபுடிச்சீங்க!" என்று சிரித்தாள். அப்புறம் போகிற போக்கில் இன்னொன்று சொன்னாள். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைப் பின்னால் சொல்கிறேன். அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

என் வயசு ஆட்களே, நீங்கள் சொல்லுங்கள். நம் சின்ன வயசில் நம்மை யாராவது கேட்டுவிட்டுத் தொட்டார்களா? எங்கள் பெரியப்பன் சந்தையிலிருந்து வந்ததும் என்னைத்தான் தேடுவார். மாட்டுக் கயிறு இழுத்து இழுத்து அவர் விரலெல்லாம் முருங்கைக்காய் மாதிரி இருக்கும். அதை என் விலாவில் குத்தி ஆட்டுவார். நான் சிரிப்பேன். மூச்சு முட்டும், கண்ணில் தண்ணீர் வரும், சில நாள் டவுசரும் நனையும். அப்பாவும் அம்மாவும் சுற்றி நின்று, "பையனுக்கு என்ன ஒரு சந்தோசம் பாரு" என்பார்கள். 'உடுங்க, உடுங்க' என்று நான் கத்துவது சிரிப்புக்குள்ளேயே போய்விடும். சிரிக்கிறவன் எதைச் சொன்னாலும் எவன் கேட்கிறான்? புகையிலையும் வியர்வையும் கலந்த அவர் வாசம் இப்போதும் எங்காவது பேருந்தில் அடித்தால் என் விலா தானாக ஒடுங்குகிறது.

ஆனால் அதே நான், அத்தை கூச்சம் காட்டினால் ஓடிப்போய்விட்டு மறுபடி வந்து நிற்பேன். அத்தை என்றால் அப்பாவின் தங்கச்சி. எங்களோடுதான் இருந்தது. அதன் கை குளிர்ச்சியாக இருக்கும். நான் 'போதும்' என்றால் கை நின்றுவிடும். நின்றதும் எனக்கு இன்னும் வேண்டும் போல இருக்கும். ஒரே விலா, ஒரே கூச்சம், ஆளுக்கு ஆள் வேறு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் உடம்பிலேயே படித்தேன்.

எனக்கு எட்டு வயசான வருசம் கடலைக்கொடி பிடுங்கிய பிற்பாடு வீட்டில் யாரும் யாரோடும் நேராகப் பேசவில்லை. அத்தைக்கு முன்னால் ஓரிடம் பேசி நின்றுபோயிருந்தது. பேச வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களின் வண்டிமாடு வழியில் கால் ஒடிந்து விழுந்ததாம். அதற்கு அத்தை என்ன செய்யும்? ஆனால் 'ராசி' என்று ஒரு சொல்லை அன்றிலிருந்து அதன் முதுகில் ஒட்டிவிட்டார்கள். புதிதாகப் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஓரிடம் வந்தது. நல்லபடியாகக் கூடிவந்தால் கிடா வெட்டுகிறோம் என்று அப்பா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அந்தக் கிடாதான் நான் வளர்த்தது.

தாய் ஆடு செத்துப்போய், குட்டியாக அத்தை கையில் வந்தது. அத்தை சங்கில் பால் புகட்டும். மற்றதெல்லாம் நான். கறுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. அதன் நெற்றியை மோந்தால் வெள்வேலங்காயும் பாலும் சேர்ந்த ஒரு வாசம். பட்டிப் படலைத் திறந்தால் மற்ற ஆடெல்லாம் மேயப் போகும், இது என்னைத் தேடி வரும். எனக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் உட்கார முடியாது. வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பினால் நான் வேலி தாண்டியிருப்பேன். இது தறுதலை என்று எழுதிவைத்துவிட்டார்கள். நான் அங்கே கரட்டில் என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்று எவனாவது வந்து பார்த்தானா?

இதுதான் படித்தேன். புல் தாளால் முதுகில் லேசாகத் தொட்டால் கிடாவின் தோல் மட்டும் துடிக்கும். அதற்கு அது பிடிக்காது, ஈ என்று நினைத்துக்கொள்ளும். காதுக்குள் விட்டால் தலையை உதறிவிட்டுத் தள்ளிப் போய்விடும். நாலு விரலையும் சேர்த்து முன்னங்கால் சந்துக்குள் கொடுத்து அழுத்திச் சுரண்டினால்தான் வித்தை. கழுத்து ஒரு பக்கம் சாயும். தொண்டைக்குள் 'ம்க்க், ம்க்க்' என்று ஒரு சத்தம். பசிக்கு அப்படிக் கத்தாது, தாயைத் தேடியும் அப்படிக் கத்தாது. விளையாட்டுக்கு மட்டும்தான். அப்புறம் பக்கவாட்டில் விறைப்பாக ஒரு துள்ளு, தலையைத் தாழ்த்தி முட்ட வருகிற மாதிரி ஒரு பாவனை, கடைசியில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஓர் உதறு. உதறிவிட்டு ஓடும், ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்க்கும். நான் கையை எடுத்துவிட்டால் வந்து உள்ளங்கையில் முட்டும். 'ஏன் நிறுத்திட்ட?'

நிறுத்தியதும் திரும்பி வந்து கேட்டால் அது விளையாட்டு. திரும்பி வராவிட்டால் இம்சை. என் விஞ்ஞானம் அவ்வளவுதான். மிசின் தேவையில்லை.

என் உள்ளங்காலை நானே சுரண்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்பாவைக் கிடாவுக்குக் கூச்சம் காட்டச் சொன்னேன். "வேல மயிரில்லாம திரியறயாடா" என்று என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, என்னவோ போல ஒரு தடவை தொட்டார். கிடா கல் மாதிரி நின்றது. நான் தொட்டேன், துள்ளியது. அத்தை திட்டிவாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. "மருமவனே, அது உன்னத் தவர ஒருத்தருக்கும் துள்ளாது போ" என்றது.

விழா நெருங்கியது. உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் கிடாவைச் சும்மா வெட்ட மாட்டோம். மஞ்சத்தண்ணியை அதன் மேல் ஊற்றினால் அது உடம்பை உதற வேண்டும். துளுக்கு என்போம். துளுக்கினால் கிடாவும் சம்மதம், ஆத்தாளும் சம்மதம். துளுக்காவிட்டால் வெட்டக் கூடாது. நான் என்ன செய்தேன்? தினமும் போசியில் தண்ணீர் மோந்துபோய் அதன் முதுகில் ஊற்றி, ஊற்றும்போதே உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினால் உதறக் கூடாது என்று பழக்கினேன். பழகியது. விழாவுக்கு முன்தினம் அரைப்போசி ஊற்றியும் அசையாமல் நின்று அசைபோட்டது. எனக்கு ஊரையே ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

காலையில் கோயில் முன்னால் தப்பட்டை காதைப் பிளந்தது. சாம்பிராணிப் புகை, வெயில், மிதிபட்ட வேப்பிலை. மாப்பிள்ளை வீட்டில் வந்திருந்தார்கள். கிடா வெட்டியதும் அங்கேயே உப்புச் சக்கரை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. எங்களில் அதுதான் நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைத் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார். அத்தை பொம்பளைகளுக்குப் பின்னால் நின்றது.

பூசாரி ஊற்றினார். கிடா நின்றது.

இன்னொரு சொம்பு. நின்றது. காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு, மூக்கு விடைக்க, மரத்தில் செய்தது போல நின்றது. நான் உள்ளுக்குள் குதித்தேன்.

"ஆத்தா, என்ன கொறைன்னு சொல்லிப்போடு" என்று பூசாரி கும்பிட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஊட்டுல ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?" என்றார்.

"எவளாச்சும் தீட்டோட வந்து நிக்கிறீங்களாடி?" என்று பெரியப்பன் பொம்பளைகள் பக்கம் கத்தினார்.

மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளை ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "மொத எடமும் இப்படித்தான் நின்னு போச்சாம்."

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அத்தை தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுசன். கோபப்படவில்லை. துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "இன்னொருக்கா ஊத்திப் பாருங்க. இல்லைன்னா உட்டுருவோமுங்க. ஆத்தாளே வேண்டாங்கறப்ப நாம என்னங்க பண்றது" என்றார். அவர் எதை விடச்சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது. கிடாவை இல்லை.

அத்தை கூட்டத்தைச் சுற்றி என்னிடம் வந்தது. என் டவுசர் வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தது.

"சாமி, நீ போனீன்னா துளுக்கும்."

"நான் போமாட்டன்."

"தெரியும்."

அவ்வளவுதான். கெஞ்சவில்லை, அழவில்லை. திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் நின்றுகொண்டது. இடது காலை வலது காலின் மேல் வைத்துக்கொண்டு நின்றது. வெயிலில் தரை சுட்டிருக்கும்.

நான் போனேன். யாரும் தள்ளவில்லை. பூசாரி, "டேய், அக்கட்டால போ" என்றார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிடாவின் மூக்குக்கு முன்னால் கையை நீட்டினேன். மோந்தது. ஒட்டியிருந்த வெள்ளைக் காது மெல்ல எழுந்தது. கழுத்து நரம்பு தளர்ந்தது. பூசாரி மூன்றாவது சொம்பைச் சாய்த்தார். நான் நாலு விரலையும் முன்னங்கால் சந்துக்குள் கொடுத்தேன்.

'ம்க்க்' என்றது. அந்தத் தப்பட்டைச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். தலையைத் தாழ்த்தியது, கயிறு விட்ட அளவுக்குப் பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது, மூக்கிலிருந்து வால் வரைக்கும் உதறியது. மஞ்சத்தண்ணி எல்லார் மேலும் தெறித்தது. உதறிவிட்டு, எப்போதும் போல, நான் திரும்பத் துரத்துவேன் என்று என்னைப் பார்த்தது.

குலவை கிளம்பிவிட்டது. பெரியப்பன் என்னை அப்படியே தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டாடா!" என்று சந்தோசம் தாளாமல் என் விலாவில் விரலைக் குத்தி ஆட்டினார். நான் சிரித்தேன். எனக்குப் பின்னால் அரிவாள் இறங்கியபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும், பையனுக்கு எவ்வளவு சந்தோசம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தக் கறியை நான் தின்னவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை. உப்புச் சக்கரை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அத்தைக்கு நல்ல வாழ்க்கை. மாமன் தங்கமான மனுசன். பிள்ளைகள், பேரன்கள், சேலத்தில் சொந்த வீடு. இன்னமும் இருக்கிறது, பார்வைதான் மங்கிவிட்டது. போன மாசம் கோயிலில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொன்னது. "ரெண்டு சொம்புக்கு அசையில. மூணாவது சொம்புக்கு ஆத்தா மனசெறங்குனா. அதுலதான் எங்கல்யாணமே." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பவில்லை. கமிட்டிக்காரர்கள் அதை அப்படியே எழுதி 'ஆத்தாள் சம்மதம் தந்த கதை' என்று மலரில் முதல் பக்கத்தில் போடப்போகிறார்கள்.

இப்போது பேத்தி சொன்னதைச் சொல்கிறேன். "பயந்துட்டா எலி சிரிக்காதுங்க தாத்தா. வெளிச்சத்துல, புது எடத்துல வச்சு என்ன மூட்டுனாலும் சத்தமே வராதாமுங்க. பயம் போனாத்தான் விளையாடும்."

இத்தனை வருசமும் நான் என்ன நினைத்திருந்தேன்? அது துளுக்காமல் நின்றது நான் பழக்கியதால் என்று. அது ஒரு பெருமையாக எனக்குள் இருந்தது. ஊரையும் பூசாரியையும் கொஞ்ச நேரமாவது நிறுத்திவைத்தவன் நான் என்று. அந்தப் பெண் ஒரே பேச்சில் அதைத் தட்டிவிட்டாள். என் போசித் தண்ணீருக்காக அது நிற்கவில்லை, பயத்தில் விறைத்து நின்றது. சரி, அந்தப் பெருமை போகட்டும். எத்தனையோ விட்டிருக்கிறேன்.

ஆனால் அப்படியென்றால் அந்த மூன்றாவது சொம்பு? தப்பட்டை நிற்கவில்லை, கூட்டம் நகரவில்லை, அரிவாள் அங்கேயேதான் இருந்தது. மாறியது ஒன்றே ஒன்று. நான் வந்தேன். என்னைக் கண்டதும் அதற்குப் பயம் போய்விட்டது. அந்த இடத்திலும் அதற்கு விளையாடத் தோன்றியது. இதைத்தான் பண்ணையைச் சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். வருத்தமா என்று கேட்காதீர்கள், அது என் சொந்த விசயம்.

கமிட்டிக்காரர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கல்யாணத்தை ஆத்தாள் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அத்தையின் பேச்சுக்குக் குறுக்கே நான் நிற்க மாட்டேன். மண்டபத்தில் என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டீர்கள், அதற்கும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் 'சம்மதம்' என்று போடப்போகிறீர்களே, அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். அந்தக் கிடா யாருக்கும் சம்மதம் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அதற்குத் தெரிந்த ஒரே ஆள் நான், என்னோடு விளையாட வந்தது. அந்தத் துளுக்கு எனக்குக் கொடுத்தது. அதை என் பெயரில் போடுங்கள்.